தீகவாபியும் நமது வயல்களும்

கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் காணியைப் பேர்ச்சில் பேசுகிறோம். மேற்கே வயலைத் தாண்டிப் போனால் ஏக்கரில் பேசுகிறார்கள். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலுக்கும் வயலுக்கும் இடையில் கிடப்பது ஒடுங்கிய மணல் திடல் ஒன்றுதான். அதன்மேல் முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறிமாறி, ஒன்றின் கடைசி வேலி அடுத்ததன் முதல் வேலியாக நெருங்கிக் கிடக்கின்றன. போதாததற்கு, பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் செய்து வைக்கிற வழக்கம் நமக்கு. மூன்று பெண்பிள்ளை பெற்றவர் மூன்று வீடு கட்ட வேண்டும். வளவு இரண்டாகப் பிரியும், பிறகு நான்காகும். கடைசியில் ஒரு வீட்டின் குசினிச் சுவரே அடுத்த வீட்டின் மண்டபச் சுவராகும். மேற்கே வயலைத் தூர்க்க முடியாது. கிழக்கே கடலைத் தூர்க்க முடியாது.

2004 டிசம்பர் 26இல் கடல் இந்தத் திடலின்மேல் ஏறியது. இலங்கையில் வேறெந்த மாவட்டத்திலும் இல்லாத அளவு உயிர்கள் அம்பாறை மாவட்டத்தில் போயின. இறந்தோர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டியது, அவர்களில் பெரும்பாலானோர் இந்த நெருக்கமான கரையோர ஊர்களின் மக்கள். அதன்பின் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று கிழக்குக்கு விதி வந்தது. பிறகு அது தளர்ந்ததுதான். ஆனால் விதி வந்த நாளிலேயே கேள்வியும் வந்துவிட்டது: கட்டக்கூடாதென்றால் எங்கே போவது? மேற்கேதான் போக வேண்டும், வயல்களுக்கு அப்பால் உள்ள மேட்டுக் காணிக்கு. அக்கரைப்பற்றுக்கு மேற்கே நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியில் 500 வீடுகள் எழுந்தன. பள்ளிக்கூடம், வைத்தியசாலை, பள்ளிவாசல், சந்தைக் கட்டடம் என்று ஒரு முழு ஊரே கட்டப்பட்டது. அது தீகவாபி என்ற பழைய பௌத்தத் தலத்துக்குரிய பூமி என்ற எதிர்ப்பு கிளம்பி வழக்கானது. முஸ்லிம்களுக்கு மட்டும் வீடுகளைக் கொடுக்க முடியாது, இன விகிதப்படி கொடுக்க வேண்டும் என்று 2009இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீடுகளை யாருக்கும் கொடுக்காமலே பத்தாண்டுகளுக்கு மேல் போயிற்று. கூரை ஓடுகள் சரிந்தன, முற்றத்தில் பற்றை மண்டியது. ஒருவரும் குடியிருக்காமலே ஓர் ஊர் சிதைவடைந்தது.

ஆகவே நமது மாவட்டத்தில் சிதைவுகள் இரண்டு வகை. ஒன்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தொடங்கி வாழ்ந்து முடிந்தது. மற்றது வாழவே தொடங்காதது. முதலாவதின் பெயரால்தான் இரண்டாவது உண்டானது. எப்படி இங்கே வந்து சேர்ந்தோம் என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தீகவாபித் தூபி இன்று அட்டாளைச்சேனைப் பிரதேச செயலகப் பிரிவில் இருக்கிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பிரிவுக்குள் ஒரு சிங்கள விவசாயக் கிராமம், அதன் நடுவில் செங்கல் மலைபோல் தூபி. கண்ணுக்கெட்டிய தூரம் வயல். புத்தர் வந்து அமர்ந்த தலங்களில் ஒன்று என்பது மகாவம்சத்தின் நம்பிக்கை. தூபியைக் கட்டியவன் துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் என்பது மரபு. அவன் அரசாண்டது கி.மு. 137 முதல் 119 வரை. ஆனால் அதே மகாவம்சத்தில், தூபிக்கு முன்னரே தீகவாபி நெல்லோடு சேர்ந்து வருகிறது என்பதை நம் பக்கத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. காவன்திஸ்ஸ மன்னன் தன் இளைய மகன் சத்தாதிஸ்ஸனை இங்கே அனுப்பியது வேளாண்மையைக் கவனிக்கத்தான். பிறகு அண்ணனோடு பகை மூண்டபோது தாயையும் கந்துல யானையையும் கூட்டிக்கொண்டு அவன் வந்து தங்கியதும் இந்த நெல்லூரில்தான். படையை ஊட்ட நெல் இருந்த இடம் இது. பெயரிலேயே குளம் இருக்கிறது, தூபி இல்லை.

1986இல் தூபியில் நடந்த அகழ்வில் பிராமி எழுத்துப் பொறித்த பொன்தகடு கிடைத்தது. அதில் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கனிட்ட திஸ்ஸ மன்னனின் பெயர் இருந்தது. சத்தாதிஸ்ஸனுக்கு முந்நூறு ஆண்டுக்குப் பின்னும் அரசர்கள் இந்த இடத்துக்குப் பொன் செலவழித்திருக்கிறார்கள். அதைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருக்கத் தேவையில்லை. தீகவாபி பௌத்தத் தலம். அது அப்படித்தான் பிறந்தது. இதைச் சொல்ல முஸ்லிம் எழுத்தாளன் தயங்கினால், அவன் சொல்லும் மற்றவற்றையும் யாரும் நம்பப்போவதில்லை.

ஆனால் என் கவனம் அதிகம் போவது குடுவிலுக்கு. இறக்காமத்துக்குப் பக்கத்தில், முஸ்லிம் விவசாயிகள் வாழும் சிறிய ஊர் அது. அங்கேயுள்ள குகையொன்றில் கிறிஸ்துவுக்கு முற்பட்ட பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. 1970இல் வெளிவந்த தம் கல்வெட்டுத் தொகுதியில் பரணவிதான அதைச் சேர்த்திருக்கிறார். தீகவாபி நகரத்து வணிகர்கள் அதில் வருகிறார்கள். அவர்களோடு 'தமெட' என்று, தமிழைக் குறிக்கும் அந்தப் பழைய சொல்லும் வருகிறது. துறவிகளுக்குக் குகை கொடுத்தவர்களின் பட்டியல்தான் அது, பெரிய அரசியல் அறிக்கை அல்ல. தீகவாபி என்ற பெயரைச் சுமந்து நிற்கும் மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று வணிகரையும், தமிழ் அடையாளமுள்ள ஒருவரையும், பௌத்தத் துறவிகளையும் ஒரே வரிக்குள் வைத்திருக்கிறது. இன்று அதைச் சுற்றி வயல் செய்பவர்கள் முஸ்லிம்கள். மேடை போட்டுப் பேசுகிறவர்கள் யாருக்கும் இந்தக் கல்வெட்டு வசதியாக இருக்காது. சிங்களத் தூய்மையைத் தேடுகிறவருக்கும் தமிழ்த் தூய்மையைத் தேடுகிறவருக்கும் பாதி வரிதான் பயன்படும். நமக்கோ ஒரு வரியும் பயன்படாது என்று நினைத்து நாம் அந்தப் பக்கமே போவதில்லை.

கொண்டவட்டவான் தூண் கல்வெட்டு இன்னும் சுவையானது. அம்பாறை நகருக்குப் பக்கத்துக் குளத்தருகே கிடைத்தது, 10ஆம் நூற்றாண்டின் தப்புல மன்னன் காலத்தது. கல்லில் வெட்டி வைத்திருப்பது போர் வெற்றி இல்லை, புண்ணியக் கணக்கு இல்லை. வயல் வேலைக்கான ஒழுங்கு. உழவில் தவறு செய்தால் தண்டம், அந்தத் தண்டத்தின் அளவு. அரசன் அதைக் கல்லில் எழுதுமளவுக்கு இந்த மண்ணில் உழவு பொது விவகாரமாக இருந்திருக்கிறது.

பெரும்போகத்துக்கு முன் நடக்கிற ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருமுறை போயிருந்தவர்களுக்கு இந்தத் தூண் அந்நியமாகத் தெரியாது. பிரதேச செயலாளர் தலைமை தாங்க, நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநல உத்தியோகத்தர், விவசாய அமைப்புகள், வட்டவிதானைமார் எல்லாரும் மண்டபத்தில் இருப்பார்கள். எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, விதைப்புக்குக் கடைசி நாள் எது, மூன்று மாத நெல்லா மூன்றரையா, மாடுகளை எந்த நாளுக்குள் வட்டையை விட்டு அகற்றுவது, மீறினால் என்ன என்றெல்லாம் தீர்மானிப்பார்கள். மூன்று மொழிக் கலவையில் சத்தம் போடுவார்கள். கடைசியில் எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். தப்புல மன்னனின் உத்தியோகத்தர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தால், மொழி புரியாவிட்டாலும் சண்டை எதைப் பற்றியது என்பது அவருக்குப் புரியும். இந்தப் பூமியில் ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் மாறாதது ஏதாவது இருக்கிறதென்றால், அது தண்ணீரைப் பற்றிய இந்தச் சண்டைதான்.

பின் வந்த நூற்றாண்டுகளில் குளங்கள் உடைந்தன, தீகவாபியைக் காடு மூடியது. கண்டி மன்னன் செனரத், போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்கள் 4,000 பேரை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் செய்தி. அதை நம்மவர்கள் சான்றிதழ் மாதிரிக் காட்டுவதைப் பார்க்கையில் எனக்குச் சங்கடமாக இருக்கும். சிங்கள மன்னன் அனுமதி தந்தான் என்பதால்தானா நாம் இந்த மண்ணுக்குரியவர்கள்? அப்படியானால் அவன் தராதிருந்தால்? இந்த வயல்களை வெட்டித் திருத்தி, பட்டிப்பளை ஆற்றின் வெள்ளத்தோடு மல்லுக்கட்டி, தலைமுறை தலைமுறையாக வாடியில் காவல் கிடந்தது போதாதா?

1850களின் இறுதியில் தேசாதிபதி ஹென்றி வார்ட் இறக்காமக் குளத்தையும் அம்பாறைக் குளத்தையும் திருத்தினார். 1856இன் நீர்ப்பாசனச் சட்டமும் அவர் காலத்ததே. பழைய அணைக்கட்டின்மேல் புதிய மண் விழுந்தது, போடிமார் எனப்பட்ட தமிழ், முஸ்லிம் நிலவுடைமையாளர்கள் நெல் விளைவித்தார்கள். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு கழித்து 1949இல் டி. எஸ். சேனாநாயக்க கல்லோயாத் திட்டத்தைத் தொடக்கினார். அமெரிக்கக் கம்பனியான மொரிசன் நுட்சன் அணையைக் கட்டியது. பட்டிப்பளை ஆறு கல்லோயாவானது. உள்ளே ஆயிரக்கணக்கான சிங்களக் குடும்பங்கள் வந்து குடியேறின. 1956இல் அங்கே கலவரமும் வந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. 2012 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். மாவட்டத் தலைமையகம் உள்ளே, சனநெருக்கம் கரையில். கரையோரத்துக்குத் தனி மாவட்டம் வேண்டும் என்ற கோரிக்கை ஏன் ஓயவில்லை என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

சேனாநாயக்கவின் மனதில் பழைய ராஜதானிகளின் குளங்கள் இருந்தன. புதிய அணை பழைய பெருமையின் மறுபிறப்பு என்றே அந்தக் காலத்தில் பேசப்பட்டது. அதில் தவறேதுமில்லை, நெல் விளைந்தது. தண்ணீர் கடைமடை வரை வந்தால் நிந்தவூர் வயலும் விளையும், காரைதீவு வயலும் விளையும். சிக்கல் என்னவென்றால், பழம்பெருமையைத் தண்ணீரோடு சேர்த்துக் கொடுத்தபோது அதனோடு காணி உரிமையும் கலந்து வந்துவிட்டது. இங்கே ஒரு காலத்தில் விகாரை இருந்தது, ஆகவே இது எங்களுடையது. கல் உறுதிப் பத்திரமாக மாறிய இடம் அது.

1999இல் அமைச்சர் எம். எச். எம். அஷ்ரபும் கங்கொடவில சோம தேரரும் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் அமர்ந்து தீகவாபிக் காணிகளைப் பற்றி விவாதித்தார்கள். அமைச்சரின் ஆட்கள் தீகவாபிக் காணியை அபகரிக்கிறார்கள் என்பது தேரரின் குற்றச்சாட்டு, அஷ்ரப் அதை மறுத்தார். நாடே பார்த்தது. இருவருமே சில ஆண்டுகளில் மறைந்துவிட்டார்கள். அந்த விவாதத்தில் என்னை இன்றும் உறுத்துவது ஒன்றுதான். எத்தனை ஏக்கர், யாருடைய ஏக்கர் என்று பேசினார்கள். அந்த மண்ணுக்குள் என்ன இருக்கிறது, அங்கே வாழ்ந்தவர்கள் எப்படித் தண்ணீர் கட்டினார்கள், என்ன உண்டார்கள், யாரோடு வாணிபம் செய்தார்கள் என்பது பேச்சிலேயே இல்லை.

2016 ஒக்டோபர் இறுதியில் இறக்காமம் மாணிக்கமடுவில் மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்டது. சுற்றி வாழ்பவர்கள் தமிழரும் முஸ்லிம்களும். 2020 ஜூன் 2இல் கிழக்கு மாகாணத் தொல்பொருட்களுக்கென ஜனாதிபதி செயலணி ஒன்று வர்த்தமானியில் வந்தது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாகாணத்தின் பழமையை ஆராய அமைத்த குழுவில், முதலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. செங்கல்லுக்கு ஏன் பாதுகாப்புச் செயலாளர் என்று விவசாயி ஒருவர் கேட்டால் அதற்கு என்ன பதில்?

இதனால் வயலில் நடப்பதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். உழவு இயந்திரத்தின் கலப்பையில் செதுக்கிய கல்லொன்று தட்டுப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அறிவிக்க வேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவித்தால் நாளை பலகை வரும், மறுநாள் எல்லைக் கல் வரும், அடுத்த போகத்துக்கு வயலுக்குள் இறங்க முடியாது என்ற பயம் இருக்கிறது. பயம் சரியோ தவறோ, இருக்கிறது. பயந்தவன் கல்லை என்ன செய்வான் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. மண்ணுக்குள் இருந்து மேலே வருமுன்பே ஒரு வரலாறு வாய்க்காலுக்குள் போய்விடும். தொல்பொருளைக் காப்பாற்றப் போட்ட வேலி தொல்பொருளுக்கே எமனாகிற இடம் இது. காவலாளியாக இருக்கக்கூடியவனை நாம் களவாளியாக மாற்றிக்கொண்டிருக்கிறோம். இதைச் சிங்களக் கிராமத்து விவசாயிக்கும் சேர்த்தே சொல்கிறேன். தீகவாபியின் காப்பு எல்லை அகலும்போது அவருடைய வளவும் உள்ளே போகும்.

இது நமக்கு மட்டும் வந்த சோதனையல்ல. எகிப்தில் லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பாலைவனம் தொடங்கும் மேட்டில் குர்னா என்ற கிராமம் இருந்தது. பழைய எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள்மேல் மண்வீடு கட்டி வாழ்ந்த மக்கள், கீழே ஆற்றங்கரைச் சமவெளியில் கரும்பும் கோதுமையும் செய்தவர்கள். தொல்லியலாளர்கள் தோண்ட வந்தபோது மண் சுமந்ததும் அவர்களே, கல்லறைக்குள் கைவைத்தார்கள் என்று பழி சுமந்ததும் அவர்களே. 1940களில் ஹசன் பத்ஹி என்ற கட்டடக் கலைஞர் அவர்களுக்காக மண்செங்கல்லில் அழகான புதிய குர்னாவைக் கட்டினார். உலகம் புகழ்ந்தது, மக்கள் போகவில்லை. கடைசியில் 2006 முதல் பழைய கிராமம் இடிக்கப்பட்டது. கல்லறைகள் இப்போது சுத்தமாக இருக்கின்றன. அவற்றின்மேல் தலைமுறைகளாக வாழ்ந்த மனிதரின் சுவடு சுற்றுலாப் பயணிக்குத் தெரியாது. சிரியாவின் பல்மைராவில் பேல் கோயில் மதிலுக்குள் வாழ்ந்த ஊரையும் 1930 அளவில் பிரெஞ்சுக்காரர் இதே மாதிரி வெளியேற்றினார்கள். இடிபாடு என்றால் ஒரே ஒரு காலத்துக்குரியது, அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் குப்பை என்ற எண்ணம் எல்லா நாட்டு அதிகாரிகளுக்கும் பொது.

வேறு வழியும் இருக்கிறது. தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியில் 2015இல் தோண்டத் தொடங்கிய இடம் தனியாருடைய தென்னந்தோப்பு. உரிமையாளர்களின் சம்மதத்தோடு குழி வெட்டினார்கள், பதிவு செய்தார்கள், பல குழிகளைத் திரும்ப மூடி நிலத்தை விவசாயியிடம் கொடுத்தார்கள். 2023இல் அருங்காட்சியகம் திறந்தபோது ஊர்மக்கள் பெருமையோடு போய்ப் பார்த்தார்கள். கீழடியைச் சுற்றியும் அரசியல் இல்லாமலில்லை, நிறையவே இருந்தது. ஆனால் தோப்புக்காரர் தன் தோப்பை இழப்பேன் என்று பயந்து பானையோட்டை ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு வித்தியாசம் போதும்.

கல்லோயாவிலும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. இடது கரை வாய்க்காலில் 1980 முதல் 1985 வரை, கொழும்பின் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகளின் நீர்க்குழுக்களை அமைத்தன. குளத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த பருவத்தில், தலைமடையிலிருந்த சிங்கள விவசாயிகள் தங்கள் பங்கில் மிச்சம் பிடித்துக் கடைமடைக்கு விட்டார்கள். கடைமடையில் தமிழர்கள் இருந்தார்கள். நாடு 1983 இனக் கலவரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. கோர்னெலின் நோர்மன் அப்ஹொப் இதைப் பற்றி 1992இல் ஒரு நூலே எழுதினார். பெரிய தத்துவம் ஒன்றும் பேசப்படவில்லை. வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது என்று ஒன்றாகப் போய்ப் பார்த்தார்கள். அவ்வளவுதான் தொடக்கம்.

நம் பக்கத்துக் கடனும் உண்டு. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1990களின் நடுப்பகுதியிலிருந்து இருக்கிறது. தீகவாபி அங்கிருந்து அரைமணி நேரப் பயணம். அதன் மாணவர்கள் குடுவில் கல்வெட்டின் எழுத்தை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் பாடசாலைகளில் பிள்ளைகளுக்குச் சுற்றுலா என்றால் நுவரெலியா. கொண்டவட்டவானையும் ராஜகலவையும் காட்டுவதில்லை. ராஜகலவில் மகிந்த தேரரின் அஸ்தித் தூபியைக் குறிக்கும் பிராமிக் கல்வெட்டே இருக்கிறது. நாம் நமது வரலாற்றை அரபு வணிகர் கப்பலில் தொடங்கிச் செனரத் மன்னனில் நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு முன்னால் இந்த வயலில் நடந்ததெல்லாம் மற்றவருடைய விஷயம் என்று ஒதுங்கினால், மற்றவர் அதை முழுதாக எடுத்துக்கொள்வார். பிறகு புலம்பிப் பயனில்லை. தீகவாபியின் குளம் எங்கே இருந்தது என்ற கேள்விக்கு வயலுக்குள் தினமும் இறங்குகிற முஸ்லிம் விவசாயியிடமும் பதிலின் ஒரு துண்டு இருக்கலாம். அவரை யாரும் கேட்டதில்லை.

கேட்பதற்கு ஒரு செயலணி தேவையில்லை. ஆரம்பக் கூட்டத்தில் ஏற்கெனவே எல்லாரும் இருக்கிறார்கள். தொல்பொருள் திணைக்களத்தின் உத்தியோகத்தர் ஒருவரையும் அந்த மேசையில் உட்காரவைத்தால் போதும். இந்தப் போகத்தில் கல் கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் காணிக்கு என்ன நடக்கும், தோண்டினால் எத்தனை நாளில் மூடித் திருப்பிக் கொடுப்பார்கள், பயிர் அழிந்தால் நட்டஈடு எவ்வளவு என்பதைத் தண்ணீர்த் திகதியோடு சேர்த்து மூன்று மொழியிலும் சொல்லிக் கையெழுத்து வைக்கட்டும். நுரைச்சோலை வீடுகளின் கணக்கையும் அதே மாவட்டத்தில் யாராவது முடிக்க வேண்டியிருக்கிறது. சுனாமியில் வீடிழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இப்போது கலியாண வயது.